நரிப் பெண்டாட்டியும் நல்லெண்ணெயும்

"அந்த நரி ஏன் மதினி, வீட்டை விட்டுப் போனா?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மீன்கறியை அடுப்பில் ஏற்றியிருந்த நேரம். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிய இடம் இன்னும் ஆறவில்லை. கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. போனை எடுத்ததும் நலம்கூட விசாரிக்காமல் ஒருத்தி நரியைப் பற்றிக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

பேசியது ஜெபா, என் தம்பி வில்சனின் மனைவி. பாளையங்கோட்டைக்காரி. தம்பிக்குக் காதோரம் நரைத்த பிறகு நடந்த கல்யாணம் அது. அவளும் பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போனவள். இரண்டு பேரும் இனிமேல் கல்யாணமே இல்லை என்று முடிவெடுத்திருந்தபோது, ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் யாரோ யாரிடமோ சொல்லி முடிந்த சம்பந்தம். அவள் இங்கே வந்து இரண்டு மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. பாறசாலையில் எங்கள் பழைய வீட்டில் அவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வளைவு தள்ளி நான்.

ஜெபா அதிகம் பேச மாட்டாள். அவளே கூப்பிட்டு ஒரு நரிக்காக வக்கீல் மாதிரி கேள்வி கேட்கிறாள் என்றால் விஷயம் இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கறியைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

பல் பிடுங்கப் போன இடத்தில்

நரி வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்.

நெய்யாற்றின்கரையில் பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தேன். உள்ளே ஏதோ ஒரு பிள்ளை அலறிக்கொண்டிருந்தது. பயத்தை மறக்க மேசையில் கிடந்த ஒரு பழைய ஆங்கிலச் சிறுவர் பத்திரிகையை எடுத்தேன். அட்டை கிடையாது. அதில் இனுயிட் மக்களின் நாட்டுக்கதை ஒன்று இருந்தது. வட துருவத்துப் பக்கம் பனியிலேயே பிறந்து பனியிலேயே வாழ்கிறவர்கள். கதை இதுதான்.

ஒரு வேட்டைக்காரன் தனியாக இருந்தான். தினமும் வேட்டை முடிந்து திரும்பினால் வீடு சுத்தமாக இருக்கிறது, விளக்கு எரிகிறது, இறைச்சி வெந்திருக்கிறது. செய்வது யார் என்று தெரியவில்லை. ஒருநாள் ஒளிந்திருந்து பார்த்தான். ஒரு நரி வந்தது. தோலைக் கழற்றி வெளியே உலரப் போட்டது. உள்ளே நுழைந்தபோது அது ஒரு பெண். அவளையே மனைவியாக்கிக்கொண்டான். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

ஒருநாள் அவன், "வீட்டில் என்னவோ மணக்குதே" என்றான். "என் மேல்தான்" என்றாள் அவள். எழுந்தாள், வெளியே போனாள், தோலைப் போட்டுக்கொண்டாள். அவன் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தான். பனியில் கொஞ்ச தூரம் பெண்ணின் காலடி. அப்புறம் நரியின் காலடி. கதை முடிந்தது.

இது என்ன கதை? எனக்குப் பல்வலியோடு எரிச்சலும் சேர்ந்துகொண்டது. நான் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவள். எங்களுக்குக் கதை என்றால் கடைசியில் ஒரு மனப்பாட வசனம் இருக்க வேண்டும். யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு, நாளையிலிருந்து நாம் எப்படி நடக்க வேண்டும், எல்லாம் தெரிந்துதான் வீட்டுக்குப் போவோம். இங்கே ஒருத்தி வருகிறாள், பொங்கிப் போடுகிறாள், ஒரு வார்த்தைக்கு எழுந்து போகிறாள். அவள் அழுதாளா, திட்டினாளா, திரும்பிப் பார்த்தாளா? ஒன்றும் இல்லை. அவன் அடுத்த வேளைக்கு என்ன சாப்பிட்டான் என்றுகூட எழுதவில்லை.

நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோதும் அந்த நரிதான் மனதில். பல் போனதே தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்தது.

அன்று சாயங்காலமே கதையை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட்டேன். வாய் பாதி மரத்திருந்தது. ஆனாலும் பேசாமல் இருக்க என்னால் ஆகாது. "நரி ஏன் போச்சு? தெரிஞ்சவங்க பறையுங்க" என்று முடித்தேன்.

குழு பற்றிக்கொண்டது. குவைத்தில் இருக்கும் சித்தப்பா மகன், "ஒரு வார்த்தைக்கு எறங்கிப் போவியவ குடும்பத்துக்கு ஆவ மாட்டா" என்று எழுதினான். காஞ்சிரங்குளத்து மாமி மகள் அவன்மேல் பாய்ந்தாள். "சோறும் தின்னுட்டு மூக்கும் சுளிச்சா நானும் எறங்கிப் போவேன். நீ கிடந்து சொறி." பதிலுக்குப் பதில், பொம்மைப் படம் எல்லாம் வந்தது. ஜெபா மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கேட்டிருக்கிறாள் என்பதற்கு நீலக் குறி இருந்தது.

வெள்ளம் வரவில்லை

இந்த இடத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், ஓய்வு பெறும்வரை பேசியே சம்பளம் வாங்கியவள் நான். தமிழ்நாடு-கேரள எல்லையில் ஆபரேட்டராக இருப்பது சாதாரணக் காரியம் இல்லை. ஒரு காதில் மலையாளம், ஒரு காதில் தமிழ். சில நேரம் இரண்டு காதிலும் ஒரே வார்த்தை, அர்த்தம் மட்டும் வேறு.

ஒரு கோடைகாலம். மதுரையிலிருந்து ஒருவர் எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்த மகளோடு பேசினார். மகள் வந்து சில மாதம்தான், அதற்குள் எங்கள் பேச்சு நாக்கில் ஏறிவிட்டது. "அப்பா, இங்க வெள்ளமே வரல்ல. வெள்ளம் இல்லாம கஷ்டமா இருக்கு" என்றாள். குடிக்கத் தண்ணீர் இல்லை என்கிறாள். அப்பா, "அப்பாடா! வெள்ளம் வரலையா? ஆண்டவனுக்கு நன்றி சொல்லும்மா" என்றார். மகள் விசும்பினாள். இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். ஆபரேட்டர் நடுவில் பேசக் கூடாது என்பது சட்டம். பேசியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

இத்தனை வருடம் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு ஊறிப்போன நான், என் வீட்டுக்குள்ளேயே ஒரு வார்த்தை இப்படிக் கிடப்பதைக் கவனிக்கவில்லை பாருங்கள்.

மணக்குதுன்னுதானே சொன்னான்?

போனில் ஜெபா விடவில்லை.

"எல்லாரும் அவன் என்னமோ ஏசிட்ட மாதிரி எழுதுதாவ. அவன் மணக்குதுன்னுதானே மதினி சொன்னான்? மெச்சித்தானே சொல்லியிருக்கான்? அதுக்குப் போயி ஒருத்தி கோவிச்சுக்கிட்டுப் போவாளா?"

"அது வந்து மக்கா…"

"இவிய சனிக்கிழமை சனிக்கிழமை என்கிட்ட சொல்லுத வார்த்தைதான அது. நான் எண்ணெ தேய்ச்சுட்டு நிப்பேன். கடையில இருந்து வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, 'மணக்குதே'ம்பாவ. அன்னைக்குப் பூரா எனக்குக் கால் தரையில பாவாது மதினி. எங்க வீட்டுல ஒருத்தரும் என்னைய இப்படி ஒரு வார்த்தை சொன்னது கெடையாது. அதான் அந்த நரி மேல எனக்குக் கோவமா வருது."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

பாளையங்கோட்டையில் மணம் என்றால் நல்லது மட்டும்தான். கெட்டதற்கு நாற்றம் என்று தனியாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. மூக்கில் ஏறுவது எல்லாம் மணம்தான். பிச்சிப்பூவும் மணக்கும், அழுகிய மீனும் மணக்கும். மலையாளத்திலும் அதே கதை. சொல்கிறவன் முகத்தைப் பார்த்துத்தான் எந்த மணம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதிலும் வாசலில் நின்றுகொண்டு, வேறு வார்த்தை சேர்க்காமல், வெறுமனே "மணக்குதே" என்றால் அது பெரும்பாலும் பாராட்டு இல்லை.

இன்னொன்று, அவள் தேய்க்கும் நல்லெண்ணெய். இங்கே தலைக்கும் தேங்காய் எண்ணெய், தோசைக்கும் தேங்காய் எண்ணெய். நல்லெண்ணெய் என்றால் கோயில் விளக்குக்கு வாங்குவதைப் பார்த்திருக்கிறோம். என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வாசனை ஆகாது. தலைவலிக்கு ஒருமுறை தேய்த்துவிட, அவன் குமட்டிக்கொண்டு மாமரத்தடிக்கு ஓடியது எனக்கு நினைவிருக்கிறது.

"பனியில கெடக்கியவங்க பேச்சு நமக்கு எங்க மக்கா புரியப் போவுது? இரு, கறி கரியுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கறி உண்மையிலேயே கரிந்துபோயிருந்தது.

ரப்பர் ஷீட்டு

மறுநாள் பஸ் ஏறி ஒற்றசேகரமங்கலம் போனேன். தம்பிக்கு அங்கே ரப்பர் ஷீட் வாங்கும் கடை. கடைக்குப் பத்தடி முன்னாலேயே மூக்கைத் துளைக்கும். புகை போட்ட ஷீட், புளித்த ஒட்டுப்பால், எல்லாம் சேர்ந்து ஓர் ஆளின் தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் மணம். அவன் ஷீட்டைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எலே வில்சா, சனியாழ்ச்சதோறும் நீ ஜெபாகிட்ட என்ன பறையிய?"

ஷீட்டைக் கீழே வைத்தான். "அவ வல்லதும் சொன்னாளா?"

"நல்ல அர்த்தத்துலயா சொன்ன?"

அவன் சுற்றிலும் பார்த்தான். கடையில் வேறு ஆள் இல்லை. "ஒனக்குத் தெரியாதா அக்கா? கல்யாணம் கழிஞ்ச மொத சனியாழ்ச்ச, வீட்டுல கேறினப்பம் எனக்குத் தலை சுத்திச்சு. அதாக்கும் மணக்குதேன்னு சொன்னேன். அவ நிண்ணு சிரிச்சா. பெறவு அடுக்களையில போயி பாட்டு பாடத் தொடங்கிட்டா. பின்ன நான் எப்படிப் பறைய, இது வேற மணமாக்கும்னு?"

"அதுக்குப் பெறவும் ஏன் சொல்லிட்டே இருக்க?"

"ஒரு சனியாழ்ச்ச சொல்லாம இருந்து பாத்தேன். மொகம் வாடிப்போச்சு. கண்ணாடிக்கு முன்னால போயி நிண்ணு தலையத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. எனக்குச் சகிக்கல்ல. அன்னையில இருந்து மறக்காம சொல்லுவேன்."

இவனைத் திட்டுவதா கொஞ்சுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத நேரத்தில் நான் திட்டிவிடுவேன். அதுதான் என் வழக்கம்.

"தெனமும் இந்த ஷீட்டு மணத்தோட போயி அவளுக்குப் பக்கத்துல இருந்து சோறு திங்கியே, அவ ஒரு நாளாவது மூக்கப் பொத்தினாளா?"

அவன் சட்டைக் கையைத் தூக்கி மோந்து பார்த்தான். "இல்ல" என்றான், புதிதாகக் கேள்விப்படுகிறவன் மாதிரி.

ஒன்றும் நடக்காததுபோல் விட்டுவிடுவது என்று பேசிக்கொண்டோம். அவன் சனிக்கிழமை சொல்வதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் நரிப் பேச்சையே எடுக்கக் கூடாது. திரும்பி வரும் பஸ்ஸில், மொழிபெயர்ப்பில் தப்பு நடந்துவிட்டது, வேட்டைக்காரன் சொன்னது வேறு என்று ஒரு குரல் பதிவு போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, போன் சார்ஜ் இல்லாமல் போயிருந்தது.

ஐலை மீன்

அந்த வாரம் முடிவதற்குள் ஜெபா என் வீட்டுக்கு வந்தாள். கையில் துணிப்பை, தோளில் இன்னொரு பை. ஆட்டோ வெளியே நின்றது. தலை காய்ந்து கிடந்தது. எண்ணெய் வைக்காத ஜெபாவை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லன்னு வீட்டுல சொல்லியிருக்கேன். யாரும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்க."

"உண்மையிலயே சுகமில்லையா?"

"அம்மா நல்லாத்தான் இருக்கா."

உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். பூவார் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் ஆள் காலையில் வந்திருக்கிறார். அவர்கள் பக்கத்து வீட்டு லலிதா சேச்சி ஓர் ஐலையை எடுத்து, செவுளைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "அய்யே, மணக்குந்நு. எனிக்கு வேண்ட" என்று கூடையில் போட்டுவிட்டாள். மீன்காரர் சண்டைக்குப் போய்விட்டார். "எந்தா சேச்சி பறயுந்நது? ராவிலெ பிடிச்ச மீனா, மணமோ?" ஜெபா சட்டியோடு நடுவில் நின்றிருக்கிறாள்.

"மொதல்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு மதினி. மணக்குதுன்னா எதுக்குச் சண்டைன்னு. அப்புறம் அந்தச் சேச்சி மொகத்தப் பாத்தேன். சட்டிய அங்கயே வச்சுட்டு உள்ள போயிட்டேன்."

அவளுக்குத் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன்.

"அந்த நரி ஏன் போனான்னு இப்பப் புரிஞ்சுட்டு. எல்லாரும் கோவத்துல போனான்னு எழுதுதாவ. கோவம் இல்ல மதினி, வெக்கம். அவனுக்கு முன்னால அத்தன நாளும் சிரிச்சுக்கிட்டே நின்னுருக்கமேன்னு வெக்கம். அதான் ஒண்ணும் பேசாமப் போயிட்டா. ஏசுதவளுக்கு வாய் இருக்கும். வெக்கப்படுதவளுக்கு என்ன இருக்கு?"

"வில்சன் ஒன்னைய நெனச்சுச் சிரிக்கல்ல மக்கா. சத்தியமா" என்று தொடங்கி, கடையில் அவன் சொன்னதையெல்லாம் கொட்டிவிட்டேன். சொல்லாமல் விட்ட சனிக்கிழமையையும், கண்ணாடியையும் சேர்த்துச் சொன்னேன். சமாதானம் ஆகிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் முகம் இன்னும் சுருங்கியது. "அப்ப பாவம் பாத்துச் சொன்னாவளா? பிச்ச போடுத மாதிரி, வாரத்துக்கு ஒரு வார்த்த. அதுக்கு ஏசியிருந்தாக்கூடத் தேவல."

எழுந்து போய்விட்டாள். ஆட்டோ ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பியது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. பல்லோடு சேர்த்து நாக்கையும் பிடுங்கியிருக்கலாம்.

லைனில் இரு மக்கா

நாட்கள் போயின. அவள் வரவில்லை. குழுவில் நரிச் சண்டை தணிந்து, யாரோ பலாப்பழப் படம் போட்டார்கள். தம்பி வீட்டுக்கு நான் சோறு கொண்டுபோனால் முந்தின நாள் சோறு அப்படியே இருக்கும். ஜெபா அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். அவனே அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த வயதில் ஒரு கல்யாணம் முறிந்தால் இரண்டு பேருமே அதைப் பற்றி மறுபடி வாய் திறக்க மாட்டார்கள். அவள் அங்கே அம்மாவுக்குக் கஞ்சி வைப்பாள். இவன் இங்கே ஷீட்டைத் தூக்கி வெயிலில் பார்ப்பான். கேட்டால் சண்டையே இல்லை என்பார்கள். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை அந்தியில் அவனே போன் செய்தான். கடையிலிருந்து வந்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே போகவில்லையாம்.

"அவளுக்கு விளிச்சியா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"ஏன்?"

"விளிச்சு என்ன பறைய அக்கா? நல்ல மணம்னா பொய்ன்னு நெனைப்பா. பிடிக்காதுன்னா தீந்துபோச்சு. நான் எந்த வார்த்த எடுத்தாலும் அவளுக்க ஊருல அது வேற."

"அந்தக் கதையில அவன் வெளிய ஓடிப்போயி காலடியைப் பாத்துட்டு நிண்ணான். அதோட தீந்துது. நீயும் அங்ஙன நிண்ணுட்டு இருக்கப் போறியா?"

தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

"உள்ளதைப் பறை. எந்த வார்த்த வருதோ அதுல பறை" என்று சொல்லி, அவனைக் காத்திருக்க வைத்துவிட்டு ஜெபாவைக் கூப்பிட்டேன். என் எண் என்பதால் எடுத்தாள். "லைன்ல இரு மக்கா, ஒரு கால் உண்டு" என்று சொல்லி இரண்டு அழைப்பையும் சேர்த்துவிட்டேன். சேர்த்தபின் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேச்சு நின்றுபோனால் தள்ளிவிட ஓர் ஆள் வேண்டாமா?

நின்றுபோகத்தான் பார்த்தது. இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். கடைசியில் தம்பி, "ஜெபா" என்றான்.

"ம்."

"இன்னைக்குச் சனியாழ்ச்சையாக்கும்."

"தெரியும்."

"கடையில இருந்து வந்தேன். வாசல்லயே இருக்கேன்."

"ஏன், உள்ள போவேண்டியதுதானே?"

"உள்ள கேறினா எனக்க ஷீட்டு மணம் மட்டும் உண்டு." அவன் தொண்டையைச் செருமினான். "வேற ஒரு மணமும் இல்ல, ஜெபா. இருக்க முடியல்ல."

லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். நான் வாயைத் திறக்கப் போனேன். அப்போது ஜெபா கேட்டாள்.

"எந்த ஊரு மணம்?"

"ஒனக்க ஊரு மணம்" என்றான் தம்பி.

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்ப வரும்போது எண்ணெ வாங்கிட்டு வாரேன்" என்றாள்.